வளையாத முட்டிக்கு மறுபரிசோதனை

என் வலது முட்டி வளையாது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு ரோலிங் மில்லில் கம்பிக் கட்டு சரிந்து விழுந்த நாளிலிருந்து அந்தக் கால் விறைத்துக்கொண்டுதான் நிற்கிறது. ஆனாலும் ஊனச் சான்றிதழ் ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும். இடையில் முட்டிக்கு மனசு மாறியிருக்குமோ என்று அரசாங்கத்துக்குச் சந்தேகம். வெண்டைக்காய் முனையை ஒடித்துப் பார்ப்பதுபோல மறுபடி பார்ப்பார்கள்.

பார்த்துச் சதவீதத்தைக் குறைத்துவிட்டால் மாத உதவித்தொகை நின்றுபோகும். எங்கள் வீட்டில் மளிகை அதில்தான் வருகிறது. மற்றதையெல்லாம் என் மனைவி கவரைப்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்துச் சமாளிக்கிறாள். அதனால் முந்தின நாள் சாயங்காலம் அவளே டாக்டராகி எனக்கு ஒத்திகை நடத்தினாள்.

"வலி இருக்குதா?"

"இருக்குது."

"இன்னாய்யா, சினிமாவுக்குப் போறவன் மாதிரி சொல்ற. மூஞ்ச கொஞ்சம் சுளி."

"இதுக்கு மேல சுளிச்சா வாய் கோணிக்கிச்சுன்னு அதுக்கும் ஒரு சர்ட்டிபிகேட் குடுத்துடுவாங்க."

அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் ஊத்துக்கோட்டையில் பஸ் மாறித் திருவள்ளூர் போய்ச் சேர்வதற்குள், சீட்டுகளுக்கு நடுவே வழியில் நீட்டியிருந்த என் காலை ஏழெட்டுப் பேர் மிதித்தார்கள். மிதித்தவர்களே திட்டவும் செய்தார்கள். ஆஸ்பத்திரியில் மதியம் வரை வரிசை. கடைசியில் என் முறை வந்தது. சின்ன வயசு டாக்டர், மரியாதையாகத்தான் கேட்டார்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் சார்."

"வலி?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்."

"படி ஏற முடியுதா?"

"ஏறிடுவேன் சார்."

சத்தியமாக நான் சொல்லவில்லை, வாய் அதுவாகச் சொன்னது. மில்லில் வருஷத்துக்கு ஒரு தடவை டாக்டர் வருவார். காண்டிராக்ட் ஆட்கள் நாங்கள் இருமலை அடக்கிக்கொண்டு வரிசையில் நின்று, ஒண்ணும் இல்ல சார் என்போம். முதுகு வலிக்கிறது என்று உண்மையைச் சொன்னவனுக்கு மறுநாள் கேட்டில் பாஸ் கிடைக்காது. பதினாறு வருஷம் இப்படி. வெள்ளைக் கோட்டைக் கண்டதும் ஆரோக்கியமாகிவிடுவது எங்களுக்குத் தொழில் பழக்கம்.

டாக்டரின் பேனா காகிதத்துக்குப் போனது. கூட வந்து பின்னால் நின்றிருந்த என் மனைவி முன்னால் வந்தாள்.

"சார், இந்தாளு பொய் சொல்றாரு."

டாக்டர் நிமிர்ந்தார். "இல்லாததை இருக்குன்னு சொல்றவங்களைத்தான் தினமும் பாக்கறேன். இவர் இருக்கறதை இல்லைங்கிறாரா?"

"மில்லுல வேல செஞ்சவரு சார், அப்டித்தான் சொல்லுவாரு. காலைல பேன்ட்டு மாட்டி உடறதே நாந்தான். கக்கூஸ்ல உக்கார முடியாம நின்னுக்கினே அழுவாரு. கதவாண்ட நின்னு கேட்டுக்கினுதான் இருக்கேன்."

வரிசையில் இருந்த அத்தனை காதும் எங்கள் பக்கம் திரும்பியது. மானம் கப்பலேறிவிட்டது. குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுவேன். தண்ணீர்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்திருந்தேன். என்ன ஒரு புத்திசாலி நான்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்களே சொல்லுங்க. முடியுதா, முடியலையா?"

அந்த வார்த்தையைச் சொன்னால் யாரோ என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று அப்போதும் பயமாக இருந்தது.

"முடியல சார்" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் காலைப் பிடித்து மடக்கிப் பார்த்தார், அளந்தார், எழுதினார். பழைய சதவீதமே நின்றது. இன்னும் ஐந்து வருஷத்துக்குக் கவலை இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கோபப்பட வேண்டியவன் நான். அதனால் நானே ஆரம்பித்தேன்.

"அத்தினி பேரு எதிர்ல கக்கூஸ் கதைய சொல்லணுமா?"

"அஞ்சு வருசமா தெனம் கேக்கறேன், வலிக்குதான்னு" என்றாள், ஜன்னலை விட்டுத் திரும்பாமல். "எவனோ ஒரு டாக்டராண்ட சொல்ற. எங்கிட்ட ஒரு நாளு சொன்னியா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறியது. முட்டி உயிர் போகிற மாதிரி வலித்தது.

"வலிக்குது" என்றேன்.