மனசு டீச்சரின் பரீட்சைக்கு ஒரு டியூஷன்

மூன்றாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அம்பூரியில் ரப்பர் பால்வெட்டப் போனவனுக்கு இன்றைக்கு பாறசாலையில் சொந்தமாக ரெண்டு கடை. தோற்றுப் பழக்கம் இல்லாத ஆள் ஆக்கும் நான்.

பேத்தி ஒன்பதாம் கிளாஸ். வாயால் கேட்டால் தமிழிலும் சொல்வாள், மலையாளத்திலும் சொல்வாள். தாளைக் கண்டால் எழுத்தெல்லாம் குழம்பிப்போகும். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கவே பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக வருகிற சைக்காலஜிஸ்ட் ஒருவர் உண்டு. எங்கள் பக்கத்தில் மனசு டீச்சர் என்போம். அவர் வாசிக்க வைத்துப் பார்த்து எழுதிக் கொடுத்தால், பத்தாம் கிளாஸ் பரீட்சையில் இவள் சொல்லச் சொல்ல எழுத ஒரு ஆள் கிடைக்கும். இல்லாவிட்டால் இவள் கரையேற மாட்டாள்.

பரீட்சை என்றால் சும்மா இருப்பேனா? டீச்சர் வாசிக்கக் கொடுக்கும் கதையைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் போன வருஷம் தங்கள் பிள்ளையைச் சோதித்தபோதே போனில் படம் எடுத்து வைத்திருந்தார்கள். வாங்கினேன். டியூஷன் சாரை வைத்து, கிணற்றில் விழுந்த ஆட்டின் கதையை அவளுக்கு மனப்பாடம் ஆக்கினேன். இந்த யோசனை வேறு எவனுக்கு வரும்?

டீச்சர் பள்ளிக்கூடத்துக்கு வந்த அன்றைக்கு அவர் முன்னால் கடகடவென்று வாசித்தாள். டீச்சர் மெல்லத் தாளின்மேல் கையை வைத்து மறைத்தார். கதை நிற்கவில்லை. ஆடு கரையேறியும் விட்டது.

“மாமா, யார் படிச்சுக் கொடுத்தது?”

“நான்தான். ஒரு பிழை உண்டா?”

“இவ்வளவு நல்லா வாசிக்கிற பிள்ளைக்கு எழுத ஆள் எதுக்குன்னு கேப்பாங்களே!”

“அப்போ இவ தோக்கணுமா?”

“உள்ளது தெரியணும், மாமா.”

பையிலிருந்து வேறொரு தாளை எடுத்துக் கொடுத்தார். பேத்தி தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“பாட்டா, கொஞ்சம் வெளியே போங்க. நீங்க இருந்தா ஜெயிக்கணும்னு தோணுது.”

என்னை வெளியே போகச் சொல்ல ஊரில் இதுவரை ஆள் பிறக்கவில்லை. போனேன். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றேன். ஒரு வார்த்தை. நின்றாள். அதே வார்த்தையை மறுபடி தொட்டாள். வரி மாறிப் போய்த் திரும்பி வந்தாள். உள்ளே பாய்ந்து நானே அவளைக் கைதூக்கி விடவேண்டும் போல இருந்தது. இத்தனை வருஷமாக இதைத்தான் தினமும் கிளாஸில் உட்கார்ந்து சுமந்தாளா?

டீச்சர் கதவைத் திறந்து, “எழுதித் தாறேன், மாமா” என்றார்.

அதற்குள் டியூஷன் சார் போனில் கூப்பிட்டார். “என்ன ஆச்சு, அண்ணாச்சி?”

“தோத்தாச்சு சாரே,” என்றேன், வராந்தா முழுக்கக் கேட்கும்படி. “என் பேத்தி சொந்தமா தோத்தாச்சு!”