மீனுக்குத் தலைக்கு ஊற்றிய கதை

மீன்களுக்கு அம்மை போட்டிருக்கிறது என்றுதான் நான் முதலில் நம்பினேன். சிரித்துக்கொள்ளுங்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அந்தக் காலையில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே என் தோட்டத்தில் குளம் வெட்டிக் கட்லாவும் ரோகுவும் விட்டிருந்தோம். நானும் என் மனைவியின் அண்ணனும் கூட்டு. ராஜபாளையத்தில் மில் வேலைக்கு ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு, இந்தக் குளத்தை நம்பி வந்தவர் அவர்.

தவிடு போடப் போனவன் வாளியைப் போட்டுவிட்டேன். பத்துப் பதினைந்து மீன்கள் மல்லாந்து மிதந்தன. வயிறெல்லாம் செக்கச்செவேலென்று புண். ஒன்று கண் பிதுங்கி என்னையே பார்த்தது. ஒற்றைச் செருப்போடு ஓடினேன்.

மச்சான் வந்து பார்த்தார். "மாப்ள, செத்தத அள்ளிப் போட்டுட்டு தண்ணிய மாத்திருவமா?"

"ஐயையோ! ஆத்தா வந்திருக்கா மச்சான். மூணு தண்ணி ஊத்துற வரைக்கும் எதையும் தொடப்படாது."

"தண்ணிக்குள்ளயே கெடக்கதுக்கு எங்கிட்டு தலைக்கு ஊத்தப் போறிய?"

அந்தக் கேள்வியிலாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் குளத்தின் நாலு மூலையிலும் வேப்பிலை கட்டினேன். ஒருநாள் விட்டு ஒருநாள் மஞ்சள் தண்ணீர் ஊற்றினேன். வீட்டில் தாளிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன்.

"மீனுக்கு அம்மன்னா நான் எதுக்குங்க தாளிக்காம இருக்கணும்?" என்றாள் மனைவி.

இதற்குள் என் முழங்கையில் இரண்டு சிவப்புப் புள்ளி. வேப்பிலையைப் பரப்பி நானும் படுத்துவிட்டேன். அது கொசுக்கடி.

மூன்றாம் தண்ணீர் ஊற்றப் போனபோது தண்ணீரே தெரியவில்லை. வெள்ளை வயிறுகள்தான் தெரிந்தன. நாற்றம் ரோடு வரைக்கும் வந்தது. மச்சான் சாகக் கிடந்த ஒரு மீனைப் பையில் போட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு மீன்வளத்துறை ஆபீசுக்குப் போனார்.

அதிகாரி வயிற்றைக் கீறிப் பார்த்தார். "பாக்டீரியாவா இருக்கும். இப்பப் பல குளத்துல வருது. சாணி அதிகம் கொட்டினீங்களா?"

கொட்டியது நான். சீக்கிரம் வளரட்டும் என்று கூடை கூடையாகக் கொட்டினேன்.

"செத்ததை அன்னைக்கே எடுத்துப் புதைச்சு, தண்ணிய மாத்திச் சுண்ணாம்பு போட்டிருந்தா பாதியாவது பிழைச்சிருக்குமே."

"வேப்பிலை கட்டினோம் சார்," என்றேன்.

அவர் மச்சானைப் பார்த்தார். மச்சான் தரையைப் பார்த்தார்.

குளத்தில் ஒரு மீன்கூட மிஞ்சவில்லை. அடுத்த மாதம் மச்சான் வேறொரு மில்லில் புது ஆளாகச் சேர்ந்தார்.