பாகாயம் டீச்சர் வீட்டு அலாரம்

1. மறுமுனையில் ஒரு கோபம்

கடைப் போன் அடித்தது. எடுத்து "வணக்கம்" என்றேன். மறுமுனையில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு குரல் வந்தது.

"நீதானா அது?"

"யார் சார் பேசறது?"

"தெனமும் இருபது தடவ எனக்கு போன் பண்ணி, 'வணக்கம், உங்கள் வீட்டில் ஆள் நடமாட்டம்'னு சொல்றியே, அது நீதானா?"

நான்தான். மறுக்க முடியவில்லை.

பேசியவர் டேனியல். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அவருடைய அம்மா சுகந்தி டீச்சர், பள்ளிக்கூடத்தில் ரிட்டயர் ஆகி, கணவரும் போன பிறகு வேலூர் பாகாயத்தில் சொந்த வீட்டில் தனியாக இருந்தார். அந்த வீட்டுப் பின்கட்டில் இருந்த தண்ணீர் மோட்டாரை எவனோ பட்டப்பகலில் கழற்றிக்கொண்டு போய்விட்டான். பயந்துபோன டேனியல் எங்கள் கடையில் சொல்லி கேமரா போட வைத்தார். இதெல்லாம் இரண்டாயிரத்துக்குப் பிறகு, வேலூரில் வீட்டுக்குக் கேமரா போடுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய காலம்.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகள் எல்லாவற்றையும் செல்போனிலேயே முடித்துவிடுகிறார்கள். அப்போது அப்படி இல்லை. வாசலுக்கு மேலே ஒரு கேமரா. அதன் ஒயர் உள்ளே இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போகும். படத்தில் ஏதாவது அசைந்தால், கம்ப்யூட்டர் ஆட்டோ டயலர் என்ற சின்னப் பெட்டியை எழுப்பிவிடும். அந்தப் பெட்டி வீட்டு லேண்ட்லைனிலிருந்து டேனியலின் செல்போனுக்கு டயல் செய்து, நாங்கள் ரெக்கார்டு செய்து வைத்த குரலைப் போடும்.

அந்தக் குரல் என்னுடையது. கடையில் உட்கார்ந்து ரெக்கார்டு செய்தேன். நான் "உடனே கவனிக்கவும்" என்று முடிக்கும்போது, பின்னாலிருந்து முதலாளி கரீம் பாய் "டேய், டீ இன்னா ஆச்சு?" என்று கத்தியதும் சேர்ந்து பதிவாகிவிட்டது. இன்னொரு தடவை எடுக்கலாம் பாய் என்றேன். "திருடன் வந்த பேஜார்ல டீயயா கவனிக்கப் போறாங்க? வுடுபா" என்றார்.

டேனியல் கவனித்திருந்தார்.

"மீட்டிங்ல இருக்கும்போது போன் வருது. பதறிப்போய் எடுத்தா டீ கேக்கறீங்க. பக்கத்து வீட்டு அங்கிள் ஓடி ஓடிப் பாத்துட்டு இப்ப என் போனயே எடுக்கறதில்ல. இதுல எது நெஜம், எது பொய்னு நான் இங்கேர்ந்து எப்படிக் கண்டுபிடிக்கறது? கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வர்றேன். அதுக்குள்ள இது அடங்கலனா, வீட்ட வித்துட்டு அம்மாவ கையோட கூட்டிட்டு வந்துடுவேன். புரோக்கர்கிட்ட பேசியாச்சு."

போனை வைத்தேன். ஒரு கேமரா செய்கிற தொல்லையில் ஒரு வீடே போகப்போகிறது என்று அப்போதுதான் புரிந்தது.

2. பாய் திருடனான கதை

மறுநாள் போனபோது டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"வா பாபு. வீட்டக் காப்பாத்த வந்தவன், வீட்டயே விக்க வெச்சிடுவ போலிருக்கே."

"இல்ல டீச்சர், சரி பண்ணிடலாம்."

"பண்ணு. பெங்களூர்ல மூணாவது மாடியில ஒரு ரூம் குடுப்பான். நல்ல புள்ளதான், குறை சொல்லக்கூடாது. ஆனா அங்க உக்காந்துட்டு நான் யாருக்குப் பாட்டு சொல்லித் தர்றது? இங்க சர்ச் கொயர்ல முப்பது பேர் என் கைய பாத்துட்டு நிக்கறாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் நான் வேலை செய்து முடிக்கும்வரை இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்தை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் காரணம் உடனே தெரிந்துவிட்டது. கேமரா கேட்டைப் பார்த்ததோடு நிற்கவில்லை, ரோட்டையும் பார்த்தது. அந்த ரோட்டில் டவுன் பஸ் போகும், ஷேர் ஆட்டோ போகும், மெடிக்கல் காலேஜ் பிள்ளைகள் சைக்கிளில் போவார்கள். ஒவ்வொன்றும் பெங்களூரில் ஒரு திருடனாகப் போய் இறங்கியது. கம்ப்யூட்டர் அந்தப் படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கும். எந்தக் கட்டத்தைக் கவனிக்க வேண்டாம் என்று நாம் சொல்லலாம். கேமராவைக் கீழே சாய்த்து, ரோடு விழுகிற கட்டங்களை எல்லாம் அணைத்தேன். இருபது அலாரம் எட்டாகக் குறைந்தது.

அடுத்தது சென்சிட்டிவிட்டி. எவ்வளவு சின்ன அசைவையும் விடாமல் பிடிக்கும் என்பதற்கு ஓர் அளவு. அதைக் கொஞ்சம் குறைத்தேன். இன்னும் கொஞ்சம் குறைத்தேன். அலாரம் நின்றேவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாய்க்குப் போன் போட்டேன். அவர் டி.வி.எஸ். பிப்டியில் வந்து இறங்கினார்.

"டெஸ்ட் பண்ணாம கஸ்டமருக்குக் குடுக்கக்கூடாதுபா" என்று சொல்லிவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்து பதுங்கிப் பதுங்கி நடந்து வந்தார். ஊரில் எந்தத் திருடனும் அப்படி நடந்திருக்க மாட்டான். டீச்சர் வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், இன்னும் கொஞ்சம் குனிங்க. அப்பதான் திருடன் மாதிரி இருக்கும்."

பாய் குனிந்தார். வாசல்வரை வந்தார். படியில் ஏறினார். காலிங் பெல்லையே அடித்துவிட்டார். அலாரம் மூச்சுவிடவில்லை.

"இன்னாபா இது? இம்மாம் பெரிய உடம்பு, அதுக்கு நான் தெரியலயா?" என்று உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

சத்தம் இல்லாத அலாரமும் கெட்டுப்போன அலாரமும் வெளியே இருந்து பார்த்தால் ஒன்றுதான். அளவைப் பழையதில் பாதிக்கு ஏற்றிவைத்தேன்.

3. ஆட்டுத்தோல் குல்லா

மிச்சம் இருந்தது சாயங்கால வெயில். வீடு மேற்குப் பார்த்தது. வெயில் நேராக லென்ஸில் அடித்தால் படம் வெளுத்துப்போகும், ஒரு மேகம் மறைத்தால் இருண்டுபோகும். இரண்டும் கம்ப்யூட்டருக்கு நடமாட்டம்தான். லென்ஸுக்கு மேலே நிழலுக்கு ஏதாவது வைக்க வேண்டும்.

"பி.வி.சி. பைப்ப பாதியா வெட்டி மாட்டிடலாம் பாய்."

"பிளாஸ்டிக்கா? வேலூர் வெயிலுக்கு வளைஞ்சு போய்டும்பா. தோல் போடு."

பாய்க்குச் சொந்த ஊர் ஆம்பூர். மூன்று தலைமுறையாகத் தோல் வேலை செய்த குடும்பத்தில் எலெக்ட்ரானிக்ஸ் பக்கம் ஓடி வந்தவர் அவர் ஒருவர்தான். உடம்பு ஓடி வந்ததே தவிர மனசு வரவில்லை. கடையில் ஸ்டூல் ஆடினால் காலுக்கடியில் தோல் துண்டு. டேபிள் பேன் இரைந்தால் தோல் வாஷர். கல்லாப்பெட்டி சாவிக்குத் தோல் உறை. எதற்கும் ஆம்பூரில் இருக்கும் அவருடைய தோஸ்த் ஒருவர் தொழிற்சாலையிலிருந்து ஒரு துண்டு அனுப்பிவைப்பார்.

இதற்கும் அனுப்பினார். ஷூவுக்கு உள்ளே லைனிங்காகப் போடுகிற ஆட்டுத்தோல். பட்டுப்போல இருந்தது. பாயே உட்கார்ந்து ஊசியும் நூலும் எடுத்து, கேமராவுக்கு ஒரு குல்லா தைத்தார். மாட்டியதும் கேமரா தொழுகைக்குக் கிளம்பியதுபோல அவ்வளவு லட்சணமாக இருந்தது.

மறுநாள் டேனியல் போன் செய்தார். "நேத்து சாயங்காலத்துலேர்ந்து முப்பது. என்னதான் பண்றீங்க நீங்க?"

ஓடினேன். டீச்சர் வாயில் விரலை வைத்து, "சத்தம் போடாத, வேடிக்கையப் பாரு" என்றார்.

கேமராவுக்குப் பக்கத்துச் சன்ஷேடில் ஒரு சாம்பல் நிறப் பூனை உட்கார்ந்திருந்தது. குல்லாவை நக்கியது. பிறகு ஒரு நகத்தால் இழுத்துப் பார்த்தது. குல்லா லென்ஸுக்கு முன்னால் ஆடியது. உள்ளே டயலர் டொக் டொக்கென்று டயல் செய்ய ஆரம்பித்தது. தோல் மெத்தென்று இருப்பதற்காக அதற்கு எண்ணெய் காட்டுவார்கள். பல இடங்களில் அது மீன் எண்ணெய். நமக்கு அந்த வாசனை தெரியாது, பூனைக்குத் தெரிந்துவிட்டது. தெருவில் இருந்த மற்ற பூனைகளுக்கும் அது சொல்லியிருக்க வேண்டும், மதில்மேல் இன்னும் இரண்டு காத்திருந்தன.

பாயிடம் சொன்னேன். அவர் மனம் தளரவில்லை. "பூனைக்குக்கூடத் தெரியுது பாத்தியா, நம்ம ஆம்பூர் சரக்கு" என்றார். நான் பேசாமல் பி.வி.சி. பைப்பை வெட்டினேன். அது வளையவே இல்லை. மறுபடியும் பூனை வந்தால் அலாரம் அடிக்காதபடி, ஒன்றிரண்டு கட்டம் மட்டும் மாறினால் விட்டுவிடு, ஆள் உயரத்துக்கு மாறினால் மட்டும் கூப்பிடு என்று கம்ப்யூட்டரில் மாற்றி வைத்தேன்.

4. நட்சத்திரம் நகராது

டிசம்பர் பிறந்தது. டீச்சர் வாசலில் கிறிஸ்மஸ் ஸ்டார் தொங்கவிட்டார். சிவப்புக் காகிதம், உள்ளே பல்பு, வால் வைத்த பெரிய நட்சத்திரம். சரியாகக் கேமராவுக்கு எதிரே. காற்றில் அது ஒரு சுற்று சுற்றினால் பெங்களூரில் ஒரு தடவை போன் அடிக்கும்.

"டீச்சர், இத அந்த மூலையில கட்டலாமா?"

"டேனியல் பொறந்த வருஷத்துலேர்ந்து இந்த கொக்கியிலதான் தொங்குது. ஸ்டார் நகராது பாபு. உன் கேமரா வேணா நகரட்டும்."

நகர்த்தினேன். ஏணி, டிரில்லிங், புது ஒயர் எல்லாம் சேர்த்து அரை நாள் பிடித்தது. டீச்சர் தூங்கும்போதும் வெளியே போகும்போதும் மட்டும் போட்டுக்கொள்ள, எழுந்து நடமாடும்போது அணைத்துவைக்க, அலாரத்துக்கு ஒரு சுவிட்சும் வைத்தேன். அதன் பிறகு அலாரமே இல்லை. பாயை மறுபடி நடக்கவிட்டேன், இந்தத் தடவை கேட்டைத் தாண்டியதுமே அலறியது. பாய்க்கு அவ்வளவு சந்தோஷம்.

ஒரு வாரம் ஓடியது. டேனியலிடமிருந்து போன் இல்லை. வீடு பிழைத்தது என்று நானும் பாயும் பிரியாணி சாப்பிட்டோம்.

5. ஒன்றே ஒன்று மட்டும்

அதற்கடுத்த வாரம் போன் வந்தது. "வணக்கம்" என்றேன்.

"பாபு, நான் டேனியல். கேமரா வேலை செய்யுதுங்களா?"

"சூப்பரா செய்யுது சார். ஒரு பொய் அலாரம் கிடையாது."

"அதான்..." என்று இழுத்தார். "முந்தி காலையில மொத அலாரம் ஆறரைக்கு வரும். அம்மா பால் எடுக்க கேட்டுக்கு வர்ற நேரம். திட்டிக்கிட்டேதான் எடுப்பேன். ஆனா எழுந்துட்டாங்கன்னு தெரியும். இப்ப ஒண்ணுமே வரல. முந்தாநாள் காலையில வீட்டுக்கு போன் பண்ணினேன், எடுக்கல. மறுபடி பண்ணினேன், எடுக்கல. கார் பிடிச்சு ஓசூர் தாண்டிட்டேன். அப்பறமா அவங்களே கூப்பிட்டு, கிறிஸ்மஸ் பலகாரம், கல்கல் செய்ய மாவு பெசஞ்சிட்டு இருந்தேன், கையெல்லாம் மாவுன்னு சொல்றாங்க. எனக்குத் திருடன்கூட பயம் இல்லீங்க. இதுதான் பயம். அந்த ஒரு அலாரத்த மட்டும் திருப்பிக் குடுங்க. நான் புரோக்கர வேணாம்னு சொல்லிடறேன்."

முதல் நாள் "நீதானா" என்றவர், இன்று "குடுங்க" என்கிறார். எதை நிறுத்த வேண்டும் என்று இவ்வளவு நாள் பார்த்துப் பார்த்துச் செய்தேன். எதை நிறுத்தக் கூடாது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆனால் வீடு டீச்சருடையது. அவருக்குத் தெரியாமல் செய்யக் கூடாது என்று நேரில் போய்ச் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"நான் பால் எடுக்கறத ஒருத்தன் அங்கேர்ந்து கண்காணிக்கணுமா? நான் என்ன ஜெயில்லயா இருக்கேன்?"

"ஓசூர் வரைக்கும் வந்துட்டாராம் டீச்சர்."

"யாரு?"

"டேனியல் சார். நீங்க மாவு பெசைஞ்சப்ப."

அது அவருக்குத் தெரியாது. மகன் சொல்லியிருக்கவில்லை. எழுந்து உள்ளே போய், ஒரு தட்டில் கல்கல் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"கிளாஸ்ல ஒரு புள்ள ரெண்டு நாள் வரலனா, பியூன அனுப்பி என்ன ஏதுன்னு பாத்துட்டு வரச் சொல்லுவேன்" என்றார். "வந்து பதில் சொல்ற வரைக்கும் எனக்குப் பாடம் ஓடாது. சரி, வை. ஆனா உன் குரலும் வேணாம், பாயோட டீயும் வேணாம். நானே பேசறேன்."

டயலரில் இரண்டாவது சேனல் ஒன்று சும்மா கிடந்தது. காலையில் மட்டும், சுவிட்ச் அணைந்திருந்தாலும், கேட்டின் உள்பக்கக் கட்டங்களில் ஆள் உயரத்துக்கு அசைந்தால் அந்தச் சேனல் என்று செட் செய்தேன். திருடனுக்குப் பழைய குரலே இருந்துவிட்டுப் போகட்டும். டீச்சர் புடவையைச் சரிசெய்துகொண்டு, மைக்குக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரே தடவையில் பேசி முடித்தார். நான் ஹெட்போனைக் காதில் வைத்துக் கேட்டுச் சரிபார்த்தேன்.

கிறிஸ்மஸுக்கு டேனியல் வந்தார், கேக் தின்றார், புரோக்கர் பேச்சையே எடுக்காமல் திரும்பிப் போனார். அதற்கப்புறம் ஒருநாள் மழையில் அலாரம் அரைமணி தாமதமாக வந்திருக்கிறது. பதறிப்போய் வீட்டுக்குக் கூப்பிட்டவரிடம் டீச்சர், "லேட் மார்க் போட்டுக்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாராம்.

தம்பிகளே, பொய் அலாரத்தைக் குறைப்பது இந்தத் தொழிலில் பாதி வேலை. வேண்டாத கட்டங்களுக்கு மாஸ்க் போடுங்கள், அளவைப் பாருங்கள், லென்ஸுக்குத் தோல் மட்டும் வைக்காதீர்கள். ஆனால் எல்லாவற்றையும் அணைப்பதற்கு முன்னால், எந்த ஒன்று வராவிட்டால் மனசு பதறும் என்று கஸ்டமரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அந்த வீட்டில் நான் திருப்பி வைத்தது அந்த ஒன்றைத்தான். டீச்சர் பால் பாக்கெட்டை எடுக்கக் கேட்டுக்கு வந்ததும் பெங்களூரில் போன் அடிக்கும். டேனியல் எடுத்தால், நாற்பது பிள்ளைகளுக்கு அட்டெண்டன்ஸ் எடுத்து எடுத்துப் பழகிய அதே குரல், இந்தத் தடவை எதிர்ப்பக்கத்திலிருந்து, கணீரென்று சொல்லும்:

"உள்ளேன் ஐயா!"