சோணையம்மாளின் குரல் வந்த பெட்டி

இது கதை கிடையாது. நடந்தது. 2008-ஆம் வருடம், நவம்பர் 14, வெள்ளிக்கிழமை. வில்லாபுரத்தில், மருது வீட்டில், பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்கிறவர்கள் முழுசாகப் படித்துவிட்டுப் பேசட்டும்.

மருதுவுக்கு அப்போது அறுபத்துநாலு வயது. திருமங்கலத்தில் டயர் பட்டறையில் உழைத்துத் தேய்ந்த ஆள். ஒருத்தரையும் நம்பமாட்டார். மகள் பாண்டிமீனா செல்லூர் சௌராஷ்டிரா பையன் ராஜேஷ்குமாரைக் கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து அவளை வாசல்படி ஏறவிடவில்லை. ஆறு வருடம். மனைவி சோணையம்மாள் மட்டும் அவரிடம் சொல்லாமல் பஸ் ஏறிப் போய்ப் பேத்தியைப் பார்த்துவிட்டு வருவாள். ஆகஸ்டில் அவள் செத்துப்போனாள். "தூக்கத்துலயே போயிட்டா. யாரையும் கேக்கல" என்றுதான் மருது எல்லாருக்கும் சொன்னார். மகளுக்கும் அதையே சொல்லி அனுப்பினார்.

அது பொய். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அவள் மகளைத்தான் கேட்டாள். மருது கூப்பிடவில்லை. இது அவருக்கும் செத்தவளுக்கும் மட்டும்தான் தெரியும்.

அன்று மதியம் ஒன்றே முக்காலுக்கு மருமகன் வந்து வாசலில் நின்றான். கையில் ஒரு பை.

"மாமா, அத்தை பாப்பாவுக்குத் தாலாட்டு பாடுனத ஜூலையில ரெக்கார்டு பண்ணியிருந்தேன். மீனா உங்ககிட்ட குடுக்கச் சொன்னா."

"என்னையப் பத்தி என்ன சொல்லியிருக்கா?"

"பாட்டுதான் மாமா. வேற ஒண்ணுமில்ல."

"பாட்டு கேக்கலாம் வான்னு சொல்லித்தான் எம் மகளையும் கூட்டிட்டுப் போன."

அவன் செருப்பைக் கழற்றினான். உள்ளே வந்து மேசையில் சாமான்களை வைத்தான். உள்ளங்கை அளவு ரெக்கார்டர். அதிலிருந்து ஒரு வயர், அவனே சாலிடர் வைத்துச் செய்த தகரப் பெட்டிக்கு. பெட்டியிலிருந்து ஹெட்போன். எல்லாம் பேட்டரி.

"இது சத்தத்த ஒரே பிட்டாத்தான் பதியும் மாமா. ஒண்ணு, இல்லாட்டி சைபர். நொடிக்கு இருபத்தெட்டு லட்சம் தடவ. அத இந்தப் பெட்டிதான் சத்தமா மாத்தும். பாடுறவங்க மூச்சு விடுறதுகூடக் கேக்கும். பச்ச லைட்டு எரிஞ்சா சத்தம் வருதுன்னு அர்த்தம். ரெண்டு மணிக்குக் கரண்டு போனதும் கேளுங்க. பேன் சத்தம் இருக்காது."

"செத்தவ மூச்சு எனக்கெதுக்கு. வச்சிட்டுப் போ."

"நாலரைக்கு வாரேன்."

பாட்டுக் கேட்கிற ஆசை எல்லாம் மருதுவுக்கு இல்லை. தன்னைப் பற்றி அந்த வீட்டில் அவள் என்ன புறணி பேசியிருக்கிறாள் என்று தெரியவேண்டும். அதற்காகத்தான் ஹெட்போனை மாட்டினார்.

இரண்டு மணிக்குக் கரண்டு போனது. 2.04-க்குப் பித்தானை அமுக்கினார். பச்சை விளக்கு எரிந்தது.

ஒன்றும் வரவில்லை. இரைச்சல்கூட இல்லை. ஓர் அறைக்குள் தலையை நீட்டிக் காது கொடுத்தது மாதிரி இருந்தது.

2.07. மூச்சு.

பாடுகிறவள் மூச்சு இல்லை அது. இழுத்து... நிறுத்தி... இழுத்து... ஜூலையில் அவள் கல்லு மாதிரி இருந்தாள். அவளுக்கு இப்படி இரைத்தது ஒரே ஓர் இரவுதான்.

கிரீச்.

இரும்புக் கட்டில். செல்லூர் வீட்டில் இரும்புக் கட்டில் இல்லை என்று அவளே உளறியிருக்கிறாள். இருப்பது இங்கே. மருது திரும்பிப் பார்த்தார். கட்டில் காலியாகத்தான் கிடந்தது.

"மீனாவக் கூப்பிடுங்க..."

ஹெட்போனைக் கழற்றினார். தெருவில் ஆட்டோ போனது. மறுபடி மாட்டினார்.

"ஒரே ஒரு தடவ... கூப்பிடுங்க..."

பிறகு ஓர் ஆண் குரல்.

"விடியட்டும். பேசாமப் படு."

அது மருதுவின் குரல்.

2.11. ரெக்கார்டர் வயரைப் பிடுங்கினார்.

பச்சை விளக்கு அணையவில்லை.

மூச்சும் நிற்கவில்லை. இழுத்து... இழுத்து...

நின்றது.

அது எந்த இடத்தில் நிற்கும் என்று அவருக்குத் தெரியும்.

நாலரைக்கு ராஜேஷ்குமார் வந்தபோது மருது வெளியே வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போகவே இல்லை.

"இத எப்ப எடுத்த?"

"மாமா, தப்பு நடந்துபோச்சு. வீட்டுக்குப் போய்ப் பாத்தா தாலாட்டு அங்கயே கிடக்கு. இதுல இருக்கறது வெறும் ரூமு. கரண்டு போனா எங்க தெருவுல தறியெல்லாம் நின்னுரும்ல? அப்பதான் ரெக்கார்டு பண்ணுவேன். பாட்டுக்கு முன்னால பத்து நிமிசம் சும்மா ஓடவிட்டு, எம்புட்டு அமைதியா இருக்குன்னு பாப்பேன். அப்ப உள்ள ஆளே இருக்கமாட்டாங்க."

"ஆளே இல்லையா?"

"கதவப் பூட்டிருவேன் மாமா."

ராஜேஷ்குமார் உள்ளே போய் எல்லாவற்றையும் எடுத்துவந்தான். அவன் பையில் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னான்.

"மீனாதான் இதுல போட்டுக் குடுத்தா. மாத்திக் குடுத்திட்டியான்னு நான் கேட்டதுக்கு, தெரிஞ்சுதான் குடுத்தேங்கறா. நேத்து மூணு தடவ இதையேதான் போட்டுக் கேட்டா. ஒரே அழுக. நான் வாங்கி மாட்டுனா ஒண்ணுமே கேக்கல."

"என்ன சொன்னா?"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. ஒங்ககிட்ட ஒண்ணு கேட்டுட்டு வரச் சொன்னா." அவன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான். "அன்னைக்கு விடிய இன்னும் எம்புட்டு நேரம் இருந்துச்சுன்னு கேக்கச் சொன்னா. எதுக்குன்னு எனக்குத் தெரியல மாமா."