மதுமதி பாஸ் போட்ட வண்டி

மண்ணரையில் மதுமதி வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு பீஸ் வெளியே போனதாகச் சரித்திரம் கிடையாது. செக்கிங் டேபிளில் பத்தொன்பது வருசம். எண்ணெய்க் கறையோ தையல் விட்ட இடமோ, அவள் விரல் தானாகப் போய் நிற்கும். நின்ற இடத்தில் நகத்தளவு சிவப்பு ஆரோ ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவாள். ஆரோ இருந்தால் பீஸ் மறுபடி தையலுக்குப் போகும். இல்லாவிட்டால் பாஸ். அதற்குமேல் அப்பீல் கிடையாது.

அந்த ஆரோக்கள் கம்பெனியோடு நின்றால் தேவலை. டிபன் பாக்ஸ் மூடி, தலைமுடி, ஒரு தடவை சாம்பார்க் கரண்டி வரைக்கும் வந்துவிட்டன. கண்ணில் பட்டால் பிய்த்துச் சுடிதார் கையில் ஒட்டிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். பிய்த்ததுகூட நினைவில் இருக்காது.

கணவன் முருகவேல் பக்கத்து ஊரான நெருப்பெரிச்சலில் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். வாரம் ஆறு நாள் சாது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஆளே வேறு. சாமளாபுரம் தாண்டி ஒரு கரட்டுக் காட்டில் மேடும் பள்ளமுமாகத் தடம் வெட்டி, அதில் வண்டியைப் பறக்கவிடுகிற கூட்டத்தில் அவனும் ஒருவன். நாற்பத்திரண்டு வயதில் இது தேவையா என்று கேட்டால் சிரிப்பான். அவனுடைய பழைய நூறு சிசி வண்டியில் முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க் குழாய் இரண்டும் குச்சி மாதிரி. மேட்டிலிருந்து இறங்கும்போதெல்லாம் ஃபோர்க் அடிவரை முட்டி, தோள்பட்டை வரை அதிரும். அதனால் பழைய சாமான் கடையில் பெரிய வண்டி ஒன்றின் தடித்த, நீளமான ஃபோர்க்கை வாங்கி, தன் வண்டியில் பொருத்தச் சொல்லி லேத் பட்டறை சகாயராஜிடம் கொடுத்தான். சகாயராஜ் நாகர்கோவில் பக்கத்துக்காரர், கெட்டிக்காரர்.

சனிக்கிழமை சாயங்காலம் வண்டி குட்டியானை லாரியில் ஏறி வீட்டுக்கு வந்து இறங்கியது. முருகவேல் ஷிப்டில் இருந்தான். மதுமதி துணியும் மண்ணெண்ணெயுமாக உட்கார்ந்தாள். தடத்தில் ஏறுமுன் வண்டியை அவள்தான் துடைத்துப் பார்க்க வேண்டும், அவள் வாயால் பாஸ் சொல்ல வேண்டும். கல்யாணமான வருசத்திலிருந்து வருகிற வழக்கம். வேண்டாம் என்று தடுக்க முடியாத ஒரு பெண், பயத்தை அடக்கிக்கொள்ளக் கண்டுபிடித்த வழி அது. செயினைப் பார்த்தாள், பிரேக் கேபிளைப் பார்த்தாள், புது ஃபோர்க்கைப் பளபளவென்று துடைத்தாள்.

மறுநாள் தடத்தின் ஓரத்தில் முருகவேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கேட்டான்.

"ஏம்மிணி, பாஸா?"

"பாஸுங்க. பார்த்துப் போங்க."

முதல் சுற்று மெதுவாக, தடம் பார்க்கிற சுற்று. முருகவேல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அடுத்த சுற்றுக்குத் திரும்பினான். அப்போதுதான் சகாயராஜ் கையில் டீக் கிளாஸோடு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஃபோர்க்க எவ்வளவு மேல தூக்கி வச்சாரு அண்ணன்?"

"என்ன தூக்கறதுங்க?"

"அது நீளமான ஃபோர்க்குல்லா அக்கா. ஓட்டுற ஆளு உக்காந்து, உயரம் பாத்து வச்சாத்தான் சரியா இருக்கும். அதனால குழாயப் பிடிக்கிற கிளாம்ப் போல்ட்ட நான் முழுசா இறுக்கல, பேருக்குத்தான் பிடிச்சு விட்டேன். அண்ணன் ஃபோன் எடுக்கல. அவருக்குப் புரியட்டும்னு, உங்க கம்பெனி ஆரோ மாதிரியே ஒண்ணு வாங்கி போல்ட்டு மேல ஒட்டி விட்டேம்லா?"

மதுமதி தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். நேற்றைய சுடிதார்தான். முழங்கைக்கு மேலே சிவப்பாக ஒரு ஆரோ. ஓரத்தில் கிரீஸ் அப்பியிருந்தது. கம்பெனி ஆரோவில் ஏது கிரீஸ்?

செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். தடத்தின் ஓரமாகக் கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் புகுந்து, பெரிய மேட்டுக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் வீசிக் கத்தினாள். வண்டி நேராக அவளைப் பார்த்து வந்தது. முருகவேல் பதறிப் போய் பிரேக்கை அழுத்தினான். அவ்வளவுதான், இரண்டு குழாயும் கிளாம்ப்பை வழுக்கிக்கொண்டு மேலே ஏறின. வண்டியின் முகம் அப்படியே குப்புறச் சரிந்து, அவன் ஹேண்டில்பார் மேலே தாவி மண்ணில் விழுந்தான்.

எழுந்து உட்கார்ந்தபோது வலது கை தொங்கியது. தோள் எலும்பு போயிருந்தது. ஆனால் உட்கார்ந்தான், பேசினான். அவள் மண்ணில் மண்டியிட்டு அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் இருந்த பெரிய மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்த வேகத்துக்கே இப்படி என்றால், அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது? முகம் வெளிறியது. பிறகு சகாயராஜைக் கண்டதும் அத்தனை பயமும் கோபமாகத் திரும்பியது.

"போல்ட்டக்கூட இறுக்காம வண்டியக் குடுப்பீங்களா? ஆளக் கொல்றதுக்கா பட்டறை வச்சிருக்கறீங்க?"

சகாயராஜின் கண் மதுமதியின் சுடிதார் கைக்குப் போனது. ஆரோவைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். தலை குனிந்துகொண்டார்.

"மறந்துட்டேன் அண்ணே. மன்னிச்சிருங்க."

இப்போது மதுமதிக்கு விழுந்த அடி முன்னதைவிடப் பெரியது. பேசாமல் இருந்தால் போதும், தப்பித்துவிடலாம். பத்தொன்பது வருசப் பெயர் அப்படியே இருக்கும். நாளை காலை டேபிளில் போய் உட்கார்ந்து அடுத்தவர்கள் தப்பைச் சுட்டிக்கொண்டிருக்கலாம்.

சுடிதார் கையிலிருந்து ஆரோவைப் பிய்த்தாள். கணவனின் நல்ல கையைப் பிடித்து, உள்ளங்கையில் அதை ஒட்டினாள்.

"போல்ட்டு இறுக்கலைன்னு அவரு இத ஒட்டித்தானுங்க விட்டிருந்தாரு. பிச்சு எடுத்துட்டு பாஸ் போட்டது நானுங்க."