பூட்டோடு போன கோப்புகள்

மலேசியாவின் கரங்கானில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஷம்சுதீனின் மகள் பர்ஹானா, கூலிமில் ஒரு தனியார் கிளினிக்கின் கணினிகளைக் கவனித்து வந்தாள். கோபம் வந்தால் கத்த மாட்டாள், குரல் தாழும். வீட்டில் அதற்குத்தான் பயப்படுவார்கள்.

அந்த வாரம் அவள் குரல் தாழ்ந்தே கிடந்தது. நோயாளிகளின் கோப்புகள் இணையம் வழியாக வெளியூர்ச் சேமிப்பகத்துக்குப் போகும். யாரோ அங்கே புகுந்து அத்தனையையும் நகலெடுத்துவிட்டார்கள். கோப்புகள் பூட்டித்தான் இருந்தன. ஆனால் அவற்றைத் திறக்கும் சாவியையும் இன்னொரு பூட்டுக்குள் வைத்துக் கூடவே அனுப்பியிருந்தார்கள். அதுவும் போய்விட்டது.

"பூட்டு உடையலைதானே? வெளியில சொல்லி ஆளுங்கள பயமுறுத்தாதே லா," என்றார் மேலாளர் ரவிச்சந்திரன்.

"இன்னிக்கு உடையல சார். எடுத்தவனுக்கு என்ன அவசரம்? வச்சிருப்பான்."

சாவியைக் காத்த பூட்டு ஒரு கணக்கை நம்பியிருந்தது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது கணினிக்கு நொடி வேலை. பெருக்கி வந்ததைப் பிரித்து அந்த இரண்டையும் கண்டுபிடிப்பதோ இன்றைய கணினிக்கு ஆயுசு போதாத வேலை. போதுமான அளவு பெரிய குவாண்டம் கணினி வந்துவிட்டால் அந்தக் கணக்கு நிற்காது. அதையும் தாங்கக்கூடிய புதுவகைப் பூட்டுக்கு மாறச் சொல்லிப் போன வருடமே கேட்டிருந்தாள். "அந்த மெஷின் வரட்டும், பாத்துக்கலாம்" என்று தட்டிக் கழித்தவரும் இதே ரவிச்சந்திரன்தான்.

"அது வர இருபது வருஷம் ஆகும்," என்றார் இப்போது.

"மனசு சரியில்லாம மருந்து சாப்பிட்டவங்களுக்கு, இருபது வருஷத்துல அது ரகசியமில்லாம போயிடுமா சார்?"

அவர் கைப்பேசியை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். அன்றே அவள் அரசாங்கத்தில் புகார் கொடுத்தாள். வேலை போயிற்று. ஆனால் எல்லா நோயாளிகளுக்கும் செய்தி அனுப்ப வேண்டிய கட்டாயம் கிளினிக்குக்கு வந்தது.

ஹைடெக் தொழிற்பூங்காவில் ஷிப்ட் முடித்து வந்த ஷீலா, கம்பெனி பஸ்ஸில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, பர்ஹானா உட்கார்ந்திருந்த அவள் அப்பாவின் கடைக்கு நேராக வந்தாள். குழந்தை பிறந்தபின் தூக்கமில்லாமல் தவித்து, பர்ஹானாவின் பேச்சை நம்பி, வேறு யாருக்கும் தெரியாமல் அந்தக் கிளினிக்கில் வைத்தியம் பார்த்தவள்.

"பத்திரமா இருக்கும்னு நீதானே சொன்ன?"

"ஆமாக்கா. நம்பித்தான் சொன்னேன்."

"எம்மவளுக்கு மாப்பிள்ளை பாக்கறப்ப எவனோ இதைத் தொறந்து காட்டுவான். அப்ப நான் யாரு கழுத்தைப் பிடிக்கிறது?"

பர்ஹானாவுக்கு அறை வாங்கியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

"வா," என்றாள் ஷீலா. "போன்ல படிக்கத் தெரியாதவங்களுக்கும் தெரியட்டும்."

கிளினிக்கின் காத்திருப்பு அறையில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். ரவிச்சந்திரன் ஓடி வந்து, புதுப் பூட்டு போட்டாகிவிட்டது என்றார்.

"அது இனிமே வர்றவங்களுக்கு," ஷீலா உரக்கச் சொன்னாள். "எங்களோடது வெளியில போயிடுச்சே, அதுக்கு எங்க போயி பூட்டு போடுவீங்க?"

மூலையிலிருந்த பெரியவர் ஒருவர் மெல்ல எழுந்தார்.

"என்னோடதும் போச்சாம்மா?"

"போச்சுங்கையா," என்றாள் பர்ஹானா. வாழ்க்கையில் முதல் முறையாக அவள் குரல் உயர்ந்திருந்தது.