கட்டிலுக்கு அடியில் ஒரு மெஷின்

சக்கர நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, அச்சில் சுற்றியிருந்த தலைமுடியைக் கத்தி நுனியால் பிடுங்கிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி நாற்காலி ஓடாமல் போனால் பாதி நேரம் காரணம் முடிதான். ஊரில் அவன் பெயர் ‘சக்கரம்’. படுக்கையில் கிடந்த அவன் அப்பாவைக் கவனிக்கத்தான் நான் அந்த வீட்டுக்குப் போய்வந்தேன்.

பதினாறு வருஷம் ஒரு பட்டறையில் கூலிக்கு உழைத்தவன். முதலாளியின் மகன் அப்பா பணத்தில் ஒரே வாரத்தில் தனிக்கடை திறந்தான். அந்த மகனிடம் யாரும் ஒரு தாள்கூடக் கேட்கவில்லை. சக்கரம் சொந்தக் கடை வைக்க அரசாங்க மானியம் வேண்டும். அதற்கு இரண்டு நிபந்தனைகள்: செலவில் கால் பங்கு சொந்தப் பணமாக இருக்கவேண்டும், மானியத்துக்கு முன் தொழில் தொடங்கியிருக்கக் கூடாது. பழைய வெல்டிங் மெஷின் ஒன்றை வாங்கி, வீட்டிலேயே நாற்காலிகளைப் பழுது பார்த்துத்தான் அந்தக் கால் பங்கைச் சேர்த்திருந்தான்.

அன்று பத்து மணிக்கு அதிகாரி வரவேண்டும். அவன் மனைவி மெஷினை மாமனாரின் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

“அங்க அவரோட மூத்திர பேசின்தான் இருக்கணும்,” என்றேன்.

“இன்னிக்கு ஒருநாள் பேசினுக்கு லீவு குடுங்க பெரியம்மா.”

அதிகாரி வந்தார். சுவரில் இருந்த கரியைப் பார்த்தார். “இங்க ஏற்கெனவே வேலை ஏதாவது நடக்குதா?”

“இல்லீங்க மேடம்,” என்றான் சக்கரம்.

கிழவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? எம்புள்ள கை படாத நாற்காலி இந்த ஊர்ல இருக்கா? மெஷின் என் முதுகுக்குக் கீழதான் இருக்கு, குனிஞ்சு பாரு!”

மருந்துக் கரண்டியை ஒரு நொடி முன்னால் நான் அவர் வாயில் வைத்திருக்கலாம். தவறிவிட்டது.

அதிகாரி குனிந்து பார்த்தார். “கால் பங்கு சேத்தது இதுலதானா?”

“வேற எதுல மேடம் சேக்குறது?” என்றான் சக்கரம்.

“ரூல்ஸ நான் எழுதலீங்க,” என்றவர், ‘தொழில் ஏற்கெனவே தொடங்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போனார்.

“வாய்க்கு ஒரு பூட்டு இல்லியே மாமா!” என்று மருமகள் வெடித்தாள். கிழவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மருந்தும் வேண்டாமாம்.

“அவரத் திட்டாத,” என்றான் சக்கரம். “தொடங்கியாச்சுன்னு கவர்மென்ட்டே எழுதிக் குடுத்துருச்சு. இனி எதுக்கு ஒளிக்கணும்?”

மறுநாள் காலை மெஷினை வெளியே இழுத்தான். அந்தக் கால் பங்கு பணத்தில் ஒரு தகரக் கொட்டகைக்கு முன்பணம் கொடுத்தான். நான் பேசினைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, வேறொரு நோயாளி வீட்டில் கால் ஆடிக்கொண்டிருந்த கமோட் நாற்காலியைக் கொண்டுபோய்ப் பழுது பார்க்கக் கொடுத்தேன். கூலி வேண்டாம் என்றான். திட்டி வாங்கவைத்தேன்.